பேரீத்தம் பழமும் பேறுகாலமும்

பேறுகால வேதனையில் பேரீத்த மரத்தடிக்கு வந்த மர்யம் (அலை) அவர்களிடம், மரத்தை உலுக்கிக் கனிகளை உண்டு நீர் பருகுமாறு கூறப்பட்டதைத் திருக்குர்ஆனின் 19-ஆவது அத்தியாயம் அறிவிக்கிறது.

2011-இல் வெளியான ஜோர்டான் நாட்டு ஆய்வொன்றில், பிரசவத்திற்கு முந்திய 4 வாரங்கள் தினமும் 6 பேரீத்தம் பழங்கள் உண்ட பெண்களில் 96 சதவீதத்தினருக்கு வலி தானாகவே கண்டது. உண்ணாதவர்களில் 79 சதவீதம். ஆனால் ஆய்வில் இருந்தோர் 114 பேர்தாம்; உறுதியான மருந்தென எண்ணலாகாது. நீரிழிவுள்ளோர் மருத்துவரைக் கேட்டே உண்க.

வலி காணவில்லையென்று வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள்; பேதியாகித் தாய் தளர்ந்துவிடுவாள். பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் கண்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

உலுக்காமலே கனிகளை உதிர்க்க அல்லாஹ் வல்லவன். ஆயினும் வேதனையுற்ற தாய்க்கு உலுக்கும்படியே கட்டளை வந்தது. முயற்சியோடு சேர்ந்ததே தவக்குல்!