படத்தில் இருப்பவர் பேர் என்ன, அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்குப் பெரியப்பா எழுதுவது.

அம்மிணி கொடுத்தனுப்பிய பென் டிரைவைப் பெரியப்பா மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்து முடித்தாயிற்று. ஒரே ஒரு ஊர் நோம்பிக்கு 1,842 படங்கள்! பெரியப்பா யாஷிகா பெட்டிக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நோம்பிக்குப் போன காலத்தில் 120 ரோல் ஒன்றுக்குப் பன்னிரண்டே படம். கையில் மூன்று ரோல் இருந்தால் அன்றைக்கு அவர் பணக்காரர். ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் சட்டைப்பையில் சில்லறை குறைவது காதில் கேட்கும்.

படங்கள் நன்றாகவே இருக்கின்றன. பூவோடு எடுத்து வரும் பெண்களின் தாடையில் நெருப்பு வெளிச்சம் ஏறியிருக்கிற அந்த நாலைந்தும் எந்தப் பத்திரிகைக்கும் போகும். மாவிளக்குத் தட்டு வரிசையில் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் உருகினமாதிரி கரைந்து கிடக்கிறது. புது லென்ஸ் வாங்கிய எல்லாருக்கும் முதல் ஆறு மாசம் வருகிற காய்ச்சல் அது, தானாகத் தணியும். குறை வேறு இடத்தில். கம்பம் நட்ட பெரியவரின் முதுகுதான் விழுந்திருக்கிறது, முகம் இல்லை. தப்பட்டை அடித்தவர்களுக்குக் கைகள் உண்டு, தலை இல்லை. பந்திக்குச் சமைத்தவர் எந்தப் படத்திலும் இல்லை. 1,842 கோப்புகளில் ஒன்றிலாவது ஒரு மனுஷர் பேர் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை.

சரவணம்பட்டி ஐடி வேலையை விட்டுவிட்டு ‘ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்’ என்று கார்டு அடித்தாயிற்று. அப்பன் கோபமாக இருக்கிறான், அம்மா நெய்விளக்குப் போடுகிறாள். அதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கடிதம் தொழிலைப் பற்றியது.

பொள்ளாச்சிப் பக்கம் பெரியப்பா ஸ்டுடியோ நடத்திய முப்பது வருஷத்தில், கடை திறக்கும் முன்பே படியில் வந்து உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர். “அப்பன் படம் ஒண்ணு வேணுமுங்க. காரியத்துக்கு மாலை போடோணும்.” அந்த அப்பன் எழுபது வருஷத்தில் ஒருநாளும் கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். யாரோ ஒரு பேத்தியின் தெரட்டிச் சீரில் மூன்றாவது வரிசையில், பாதி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பார். அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து, முகத்தை மட்டும் பெரிசாக்கி, பின்னால் நிற்கிறவரின் தோளைத் தூரிகையால் அழித்து, சட்டம் போட்டுக் கொடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஊரே மெச்சிய கல்யாண ஆல்பம் பீரோவில் தூங்குகிறது. மூன்றாவது வரிசைப் படமோ வீட்டு நடுச்சுவரில் ஐம்பது வருஷம் தொங்குகிறது.

ஒருதடவை கடை மாற்றும்போது, பூஞ்சை பிடித்துவிட்டதென்று இரண்டு பெட்டி நெகட்டிவைப் பெரியப்பா குப்பையில் போட்டார். அடுத்த மாசமே ஒரு கிழவி வந்து, முப்பது வருஷத்துக்கு முந்தின காதுகுத்துப் படத்தைக் கேட்டாள். இல்லை என்று சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முடிந்திருந்த காசை மறுபடி முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த முடிச்சுதான் இன்றைக்கும் பெரியப்பாவுக்கு ஞாபகம் வருகிறது. அம்மிணிக்குக் குப்பைத்தொட்டி வேண்டியதில்லை, ஒரு ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் போதும். எல்லாப் படத்துக்கும் மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு வேறு வேறு சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே வேறு இடத்தில்.

ஆப்பிரிக்காவில் மாலி தேசத்து பமாக்கோ நகரில் மாலிக் சிதிபே என்று ஒருவர் இருந்தார். 1960-களில் ராத்திரி ராத்திரி சைக்கிளில் ஒரு விருந்திலிருந்து அடுத்த விருந்துக்குப் போய், ஆடுகிற பையன்களையும் பெண்களையும் ஃப்ளாஷ் போட்டு எடுப்பார். பிறகு கழுவிப் பிரிண்ட் போட்டு, சின்னச் சின்னப் படமாக ஸ்டுடியோ வாசலில் ஒட்டிவிடுவார். படத்தில் இருப்பவர்களே வந்து, ‘இது எனக்கு, அது என் சிநேகிதிக்கு’ என்று நம்பர் சொல்லி வாங்கிப் போவார்கள். பத்திரிகைக்காகவும் பரிசுக்காகவும் அவர் எடுக்கவில்லை. அவருக்கு 2003-இல் ஹாசல்பிளாட் விருது வந்தது. 2007-இல் வெனிஸ் கலைக்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வந்தது; ஒரு போட்டோகிராபருக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் தடவை. ஊர்க்காரர் தங்களுக்காக வாங்கிய அதே படங்கள்தான் மியூசியம் ஏறின.

சிதிபேக்கு அந்தப் பையன்களின் பேர் தெரியும், எந்த கிளப்பில் யார் யாரோடு ஆடுவார் என்பதும் தெரியும். நோம்பிக்குப் போகிற படக்காரருக்கும் அப்படித்தான். பண்ணாரியைப் பார். பங்குனியில் தணல் மிதிக்கும் குண்டத்தன்று விடியுமுன்னே இருட்டில் முதலில் இறங்குபவர் பூசாரி. அந்த ஒரு நிமிஷத்துக்காக நாற்பது கேமரா முண்டியடிக்கும். குண்டத்துக்கு அடுக்குகிற விறகுக்கு அங்கே ‘எரிகரும்பு’ என்று பேர். படக்குறிப்பில் ‘விறகு’ என்று எழுதினால், எழுதியவர் வெளியூர் என்று சத்தியமங்கலத்துக்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். குண்டத்துக்கு முன்பே, பூச்சாட்டிய பிறகு, அம்மன் சப்பரத்தில் ஊர் ஊராகச் சுற்றி வருவாள். அதை எடுப்பவர் குறைவு. மனுஷர் இறங்கி முடித்த பிறகு மாடு கன்றுகளையும் குண்டத்தில் ஓட்டுவார்கள். அந்நேரம் முக்கால்வாசிப் படக்காரர்கள் படத்தை அனுப்பக் கிளம்பியிருப்பார்கள். பட்டியில் வளர்த்த மாட்டோடு தணல் இறங்க நிற்கும் ஒரு விவசாயியின் முகம், முண்டியடிக்காமலே கிடைக்கிற படம்.

அங்கே ஃப்ளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடு. தணல்மேல் நடப்பவரின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அடுத்த அடி எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்று; படம் கொஞ்சம் பொரிப்பொரியாக வந்தாலும் வரட்டும். அதைக் குறை சொல்கிறவர் இன்ஸ்டாகிராமில் இருப்பார், ஊரில் இருக்க மாட்டார்.

ஈரோட்டில் கதை வேறு. பெரிய மாரியம்மன் நோம்பியின் கடைசி நாளில் கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காவிரியில் விடுவார்கள். தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டால் போதும், தனக்கும் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டாம். மஞ்சளில் நனையாமல் எடுத்த மஞ்சள் நீராட்டுப் படம் மாடியிலிருந்து எடுத்ததாகத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கும் இதே கணக்கு. ஸ்டேஜில் கேண்டிட் தேடி அலைகிற பையன்கள், கொங்கு வேளாளர் கல்யாணத்தில் இணைச்சீர் நடக்கும்போது காபி குடிக்கப் போயிருப்பார்கள். மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சி வந்து நிற்கிற சீர் அது. அன்றைக்கு அந்த அக்காவுக்கு அதைவிட முக்கியமான நிமிஷம் கிடையாது. அருமைக்காரர் யார், மங்கல வாழ்த்துப் பாடுபவர் யார், எந்தச் சீருக்குப் பின் எந்தச் சீர் என்று முந்தின நாளே ஒரு பெரிய மனுஷியைப் பிடித்துக் கேட்டு எழுதிக்கொண்டால், மண்டபத்தில் ஓட வேண்டியதே இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி முறை மாறும். ஒருவர் வீட்டில் கேட்டதை இன்னொருவர் வீட்டில் நடத்தச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட படக்காரர்கள் உண்டு. (பெரியப்பாவும் அதில் ஒருவர். அது இன்னொரு கடிதத்துக்கு.)

கொங்கு நாட்டை எழுதிவைக்கக் கடல்தாண்டி ஒருவர் வர வேண்டியிருந்தது. பிரெண்டா பெக் என்ற கனடாக்காரப் பெண், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு மாணவியாகக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் உடுக்கைக்காரர்கள் ராத்திரி ராத்திரியாகப் பாடிய அண்ணன்மார் கதையை டேப்பில் பிடித்தார். பொன்னர் சங்கரின் அந்தக் கதை அப்படியே ஒலியாக இன்றைக்கும் கிடைப்பது அதனால். 1972-இல் கொங்குச் சமூகத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், பிற்பாடு அந்தக் கதையை 26 பாகக் கார்ட்டூன் தொடராகவும் செய்தார். அவர் வந்தபோது நம் ஊர்களில் ஸ்டுடியோக்காரர்கள் இல்லாமல் இல்லை. உடுக்கை அடிப்பவரை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். உடுக்கை தினமும் காதில் விழுகிற சத்தம், அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

இந்த நினைப்பு இன்னும் போகவில்லை. 2024-இல் கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 87 வயதில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆண்கள் ஆடிய ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். அவர் நாற்பது வயதில் சலங்கை கட்டி ஆடிய படம் எந்த வீட்டுப் பரணிலாவது இருந்தால், அதை எடுத்தவர் கொடுத்து வைத்தவர். இப்போது வாரக் கடைசியில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே நிறச் சேலையில் நூறு பேர் கும்மியடிக்கிறார்கள். ட்ரோனிலிருந்து பார்க்க அழகுதான். அதைப் பத்துப் பேர் எடுப்பார்கள், எடுக்கட்டும். முதல் வரிசையில் அடியெடுத்துக் கொடுக்கும் ஆசிரியரையும், கடைசி வரிசையில் தப்பாக ஆடிச் சிரிக்கும் அத்தையையும் எடுத்து, இரண்டு பேருடைய பேரையும் கேட்டு எழுதிக்கொள்வது அம்மிணியின் வேலை.

கோனியம்மன் தேரை அம்மிணிக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். மாசியில் ராஜ வீதியிலிருந்து தேர் கிளம்பினால் எல்லாரும் வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து எடுப்பார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்களை எடுப்பவர் அரிது; சக்கரத்துக்கும் அவர்கள் விரலுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண். தேர் ஒப்பணக்காரத் தெருவுக்கு வரும்போது அத்தர் ஜமாத் பள்ளிவாசல்காரர்கள் வாசலில் நின்று பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். வெயிலில் வடம் இழுத்து வந்தவர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சமீப வருஷங்களில் அந்தப் படம் செய்தியானது. ஆனால் இரண்டு பக்கத்தாரையும் கைகோத்து நிற்கவைத்து ‘மத நல்லிணக்கம்’ என்று போஸ் கொடுக்கச் சொன்ன படத்தை எடுக்க வேண்டாம். தாகம் எடுத்தவர் குடிக்கிறார், பக்கத்து வாசல்காரர் கொடுக்கிறார். அந்தக் கையவசரத்தில்தான் படம் இருக்கிறது.

மதுரைப் பழனிக்குமாரைப் பற்றிப் படித்திருப்பாய். கரிமேட்டு மார்க்கெட்டில் மீன் வாங்கி விற்ற தன் அம்மாவைப் பல வருஷம் படமெடுத்தவர். துப்புரவுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து எடுத்தார், ‘பாரி’ இணைய இதழில் சேர்ந்தார், 2022-இல் தயானிதா சிங் – பாரி விருதை முதலாவதாக வாங்கியவரும் அவரே. அவர் படக்குறிப்புகளில் ஆட்களுக்குப் பேர் இருக்கும்.

இனி காசு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் அப்பன் பெரியப்பாவோடு பேச மாட்டான்.

பெரும்பாலான படக்காரர்கள் நினைப்பது: ‘நான் எடுத்த படம், எனக்குத்தான் உரிமை.’ 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். அம்மிணி சொந்தமாகப் போய் எடுத்ததற்கு உரிமை அம்மிணிக்கு; ஆயுசுக்கும், அதன்பின் 60 வருஷத்துக்கும். எடுத்தவர் தானே என்று பேர் போடச் சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. படத்தின் உரிமையை விற்ற பிறகும் அது போகாது. ஆகவே அட்வான்ஸ் வாங்குமுன் அரைப் பக்கம் எழுதிக்கொள்: எத்தனை மணி நேரம், எத்தனை படம், என்றைக்குக் கொடுப்பது, உரிமை யாருக்கு, கோயில் கமிட்டி போஸ்டருக்குப் போட்டால் பேர் வர வேண்டுமா. ‘நம்ம ஊர்க்காரரு, எதுக்குங்க எழுத்து’ என்பார்கள். நம்ம ஊர்க்காரரிடம்தான் பாக்கி நிற்கும்.

மில், பம்ப்செட் கம்பெனிகளின் ஆண்டுவிழாவுக்கு எடுத்துக் கொடுத்தால், பில் பணம் கையில் வர மாசக்கணக்கில் ஆகலாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை ஆன்லைனில் இலவசமாகப் பண்ணிக்கொள். அது இருந்தால், 2006-ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். கேட்பது வேறு விஷயம். பில்லின் அடியில் ஒரு வரி அதை அச்சடித்து வைத்தாலே பல அக்கவுண்டன்ட்கள் சீக்கிரம் செக் எழுதுவார்கள். ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சம் தாண்டிய பிறகு. அந்தக் கவலை வரட்டும், பெரியப்பா இனிப்பு வாங்கிக் கொடுப்பார்.

ட்ரோன் ஆசை இருக்கிறதென்று அம்மா சொன்னாள். ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். விமான நிலையச் சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் உள்ளே என்றால் அனுமதி இல்லாமல் கிளப்பவே கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கல்யாண வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்காதே. பண்ணாரிப் பக்கம் புலிகள் காப்பகக் காடு, அங்கே நினைக்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மிணி வருவதாக அப்பன் சொன்னான். வரும் வழியில் அந்த நோம்பி நடந்த ஊரில் இறங்கிவிட்டு வா. 1,142-ஆம் நம்பர் படத்தில் தப்பட்டை அடிக்கிறவருக்கு இடப்பக்கம், வெள்ளைத் துண்டு கட்டி, வாயில் வெற்றிலையோடு ஒருவர் நிற்கிறார். 1,842 படங்களில் முழு முகமும் தெளிவாக விழுந்த கிழவர் அவர் ஒருவர்தான். பேர் என்ன, எந்த வளவு என்று பூசாரிக்குத் தெரிந்திருக்கும். எழுதிக்கொண்டு, ஒரு பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வா. பரணில் நெகட்டிவ் பெட்டி இன்னும் ஆறு இருக்கிறது, அதையும் இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா