சிறு முதலும் செம்மையான கணக்கும்

கம்மாபுரம் வட்டாரத்து இல்லங்களில் பட்டம் பெற்ற மகனைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் நெய்வேலியில் போய் நிற்கும். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாள்தொட்டு இப்பகுதியினரின் கண்கள் அந்தச் சுரங்கத்தின்மீதே பதிந்துள்ளன. விண்ணப்பம் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். சுயதொழில் என்ற சொல்லை எடுத்தாலோ, "முதலுக்கு எங்கே போவது?" என்ற வினா குறுக்கே வந்துவிடுகிறது. அவ்வினாவைச் சற்றே ஆராய்வோம். ஆராய்வதற்குரிய சான்று நம் மாவட்டத் தலைநகராகிய கடலூரிலேயே இருக்கிறது.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் மருந்துப் பொருள்களையும் ஒப்பனைப் பொருள்களையும் சிறு அளவில் பொட்டலமிட்டு விற்று வந்தார். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்த காலத்தில், அதனை 100, 50, 20 கிராம் பொட்டலங்களாக ஆக்கினார். கூலியாளும் ரிக்‌ஷா இழுப்பவரும் தம் பொருளை வாங்க இயலவேண்டும் என்பது அவரது எண்ணம். ஷாம்பு போன்ற நீர்மப் பொருளையும் சிற்றுறையில் அடைக்கலாம் என்று கண்டவர் அவரே. ஆயினும், பொருளைப் படைக்கத் தெரிந்த அளவுக்கு அதனைச் சந்தையில் நிலைநிறுத்த அவருக்குக் கைவரவில்லை என்று அவர் மகனே பிற்காலத்தில் கூறியுள்ளார்.

அம்மகன் சி.கே. ரங்கநாதன். தந்தையார் மறைந்தபின் உடன்பிறந்தோர் நடத்திய தொழிலில் சில காலம் இருந்துவிட்டு, கருத்து வேறுபாட்டால் விலகி, 1983-இல் 15,000 ரூபாயுடன் தனித்துத் தொடங்கினார். தந்தையின் பெயரெழுத்துகளைக் கொண்டே தம் ஷாம்புவுக்குச் 'சிக்' எனப் பெயரிட்டார்.

இந்தப் பதினைந்தாயிரத்தை அவர் செலவிட்ட முறையைத்தான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குடியிருப்பும் அலுவலகமும் சேர்ந்த ஓர் இடத்துக்கு முன்பணம் 1,000, மாத வாடகை 250. தொழிற்கூடத்துக்கு முன்பணம் 1,200, மாத வாடகை 300. உறையிடும் எந்திரம் 3,000. இவை அவரே பேட்டியில் சொன்ன எண்கள். கூட்டிப் பாருங்கள்: இடத்துக்கும் எந்திரத்துக்குமாக முடங்கிய தொகை 5,200 ரூபாய்தான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் கடையிலிருந்து பணம் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கவும் கையில் நின்றது. நம் ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கட்டடம், பெயர்ப்பலகை, கண்ணாடி அலமாரி, திறப்புவிழா என்று முதல் முழுவதையும் சுவரில் பூசிவிட்டு, மூன்றாம் மாதம் சரக்கு வாங்கக் கடனுக்கு அலைகிறோம். முதல் போதவில்லை என்று சொல்லப்படும் பல கடைகளில், முதல் தவறான இடத்தில் முடங்கியிருப்பதே மெய்ந்நிலை.

விற்பனைக்கு அவர் சிற்றூர்களுக்குச் சென்றார். ஷாம்புவைப் பயன்படுத்தியே அறியாத மக்களின் நடுவே, ஒரு சிறுவனின் தலையை அலசிக் காட்டி, கூந்தலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எந்த நிறுவனத்தின் வெற்றுறைகளாயினும் ஐந்து கொணர்ந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்து, பின்னர் சிக் உறைகளுக்கு மட்டுமே என்று அதனை மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்ததாக அவர் குறிப்பிட்டுள்ளார். அந்நிறுவனம் 1998-இல் 'கவின்கேர்' எனப் பெயர் பெற்றது. (கவின் என்பது அழகைக் குறிக்கும் நம் பழஞ்சொல்.)

இனி, கடன். ஈடு காட்ட யாதும் இல்லாத அவருக்கு முதற்கடன் கிடைக்கவே மூன்றாண்டுகள் சென்றன. இறுதியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் வழங்கியது. இந்த இளைஞர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து வருபவர் என்பதை விண்ணப்பத்தில் கண்ட அலுவலர் ஒருவர் எடுத்துரைத்ததே அதற்குக் காரணம். முதல் ஆண்டிலிருந்தே, தொகை மிகச் சிறிதாயினும், அவர் வரி செலுத்தி வந்தார். நிலமோ நகையோ செய்யவேண்டிய வேலையை அந்தக் காகிதம் செய்தது.

இவ்விடத்தில் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நினைவுக்கு வருகிறது. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தனுள் களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல், அளவையில் ஏமாற்றுதல், கலப்படம் ஆகிய நான்கும் கடைவீதியிலேயே நிகழக்கூடியவை. நூல் இவற்றை வினைப்பயன் நோக்கிச் சொல்கிறது. வங்கியாளரோ கடன் திரும்புமா என்று நோக்குகிறார். இருவரும் கேட்கும் கணக்கேடு ஒன்றுதான்.

கம்மாபுரத்தில் கடை வைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. நெய்வேலி நகரியத்தார் மாதச் சம்பளக்காரர். மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வாங்குவர். சுற்றுப்புற ஊர்களின் கூலியாளர் அன்றாடம் ஈட்டி அன்றாடம் வாங்குவர். முந்திரிப் பருப்போ சிறுதானிய மாவோ, சரக்கு ஒன்றே ஆயினும், முன்னவருக்கு ஒரு கிலோவும் பின்னவருக்கு ஐம்பது கிராமும் ஆக இரு பொட்டலம் வேண்டும். சின்னி கிருஷ்ணன் கண்டது இந்த இரண்டாம் வாடிக்கையாளரைத்தான். எனினும், அவர் வழியை அப்படியே பின்பற்றுமாறு சொல்ல மனம் ஒப்பவில்லை. சிற்றுறைகள் இன்று வாய்க்கால்களை அடைத்துக் கிடக்கின்றன. அளவைச் சிறிதாக்குவோர், பாத்திரம் கொணர்வோருக்கு விலை குறைப்பது, காகித உறையைப் பயன்படுத்துவது ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கலாம்.

கடன் தேடுவோர் ஒரு செய்தியை அறிந்திருத்தல் நலம். 2008-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சிறுபான்மையினரைச் சிறப்புப் பிரிவில் வைத்து, சொந்தப் பங்கு 5 விழுக்காடு எனவும் ஊரகத் தொழில்களுக்கு மானியம் 35 விழுக்காடு எனவும் வகுத்தது. பொதுப்பிரிவினருக்கு அவை முறையே 10, 25 விழுக்காடாகும். சமணர் 2014 ஜனவரியில் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றமையால் அப்பிரிவில் நமக்கும் இடமுண்டாயிற்று. இத்தகைய திட்டங்களின் விதிகள் அவ்வப்போது மாறுவன. ஆகவே, திட்ட அறிக்கை எழுதுமுன் கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் சென்று நடப்பு விதிகளைக் கேட்டறிக. செல்லும்போது, சிறு அளவிலேனும் ஏற்கெனவே ஏதேனும் விற்று வருவோர், கடந்த ஆறு மாதங்களின் வரவுசெலவு ஏட்டைக் கையோடு எடுத்துச் செல்க.