216 நியூட்டன் மீற்றரும் மீன் தராசும்

மண்கும்பானிலிருந்து எழுதிய தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கொரோலாவின் முன்சில்லு பெயாரிங்கை வீட்டிலேயே மாற்றிவிட்டீர், கெட்டிக்காரன். இனி அக்ஸில் நட்டை இறுக்க வேண்டும், உம்மிடம் உள்ள டோர்க் ரெஞ்ச் 110-க்கு மேல் போகாது, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப்போய் இறுக்கலாமா என்று கேட்டிருந்தீர். ஓட்ட வேண்டாம். அந்த நட் இறுகாத நிலையில் காரின் பாரம் சில்லில் விழுந்தாலே புது பெயாரிங் கெடக்கூடும்.

பல கொரோலாக்களில் இந்த நட்டுக்கு 216 நியூட்டன் மீற்றர். உமது மாதிரிக்கு அதுதானா என்று புத்தகத்தில் ஒருமுறை பாரும். சில்லு நட்டுக்கு 103 போதும். அதைவிட இரண்டு மடங்கு ஏன் என்றால், பெயாரிங்கின் உள்வளையங்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பதே இந்த நட்தான். பிடி தளர்ந்தால் சில்லு ஆடும், பெயாரிங் இரையும்.

‘கைக்கணக்குப் போதும்’ என்று ஒஸ்ரின், மொறிஸ் மைனர் காலத்து ஆக்கள் சொல்லுவினம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடின ஊர் இது. அந்தக் கைகளில் எனக்கு மரியாதை உண்டு. இந்த நட்டில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேளாதேயும். காற்றுத் துவக்கால் ‘டர்ர்’ என்று அடித்துவிட்டுச் சரி என்பவர்களின் பேச்சையும்தான்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் விசையின் திருப்பம் படித்திருப்பீர். நட்டின் நடுவிலிருந்து சரியாக 1 மீற்றர் தள்ளி 22 கிலோவுக்கு இழுத்தால் 216 வந்துவிடும். எனவே வேண்டியது நட்டுக்குப் பொருந்தும் 30 மில்லிமீற்றர் சொக்கற், மொத்தமான ரி-பார், அதில் கொளுவ ஒரு ஜி.ஐ. பைப், மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று. தராசை முதலில் சோதியும்: கானில் 20 லீற்றர் தண்ணீர் நிரப்பித் தூக்கினால், கானின் பாரம் போக 20 கிலோ காட்ட வேண்டும்.

உங்கள் பக்கம் மணல் நிலம், ஜக்கு புதையும். அடியில் பனஞ்சிலாகைத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும். கார் ஜக்கில் நிற்கையிலேயே வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, உமது ரெஞ்சால் 110 வரை இறுக்கும். பிறகு சில்லைப் பூட்டி, அது நிலத்தில் பட்டு உருளாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் இறக்கும். முழுப் பாரமும் ஜக்கை விட்டு வரக் கூடாது.

இப்போது சில்லைப் பார்த்து நின்று, பைப்பை நட்டுக்கு இடப்பக்கமாகக் கிடையாக வையும். 1 மீற்றரில் தராசைக் கொளுவி, பைப்புக்குச் செங்குத்தாக மேலே இழும். பைப்பின் பாரத்தையும் தராசுதான் தூக்குகிறது என்பதை மறக்க வேண்டாம்: பைப்பும் பாரும் சேர்ந்து 3 கிலோ என்றால் அதில் பாதியைக் கூட்டி 23.5 கிலோவில் நிறுத்தும். வெட்டி இழுக்காதேயும். நட் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போது முள் காட்டுவதுதான் கணக்கு. நின்ற நட்டை மறுபடி அசைக்கக் கூடுதல் விசை வேண்டும், அது பொய்க் கணக்கு.

கிறீஸ் பூசலாமா என்றும் கேட்டிருந்தீர். உப்புக்காற்றில் துரு பிடிக்கும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, மிச்சம்தான் இறுக்கிப் பிடிக்கிறது. புரியில் கிறீஸ் ஏறினால் உராய்வு குறைந்து, அதே 216-இல் தண்டு அளவுக்கு மிஞ்சி இழுபடும். புத்தகம் சொன்னாலன்றிப் பூசாதேயும். கம்பித் தூரிகையால் புரியைத் துப்புரவாக்கினால் போதும்.

விளிம்பைத் தட்டி மடித்துப் பூட்டுகிற நட் என்றால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம், புதிது வாங்கும். புரி தின்றுபோயிருந்தால் அது வீட்டு வேலை இல்லை. கராஜ்காரரைக் கூப்பிடும், கார் நிற்கட்டும், அவர் வரட்டும்.

அன்புடன்,
அண்ணன்