நீரிழிவும் வருமுன் காக்கும் மருந்தும்

நோய் வந்தபின் மருந்துண்ண எவரும் தயங்குவதில்லை. வாராத நோய்க்கு இன்றே மருந்துண்க என்று வைத்தியர் கூறுங்கால், கேட்பார் உள்ளத்தே ஐயம் எழுதல் இயல்பு. நீரிழிவுடையார் பலர் இன்று இத்தகைய ஐயத்தில் நிற்கின்றனர். அவர்க்கு மாரடைப்பு வந்ததில்லை, மார்பில் நோவில்லை, படியேறுங்கால் மூச்சு முட்டுவதுமில்லை. ஆயினும், சர்க்கரைக்குரிய மருந்தோடு ‘ஸ்டாட்டின்’ என்னும் வகையைச் சேர்ந்த மாத்திரையொன்றையும் நாடோறும், பெரும்பாலும் வாழ்நாள் முழுதும், உட்கொள்ளுமாறு வைத்தியர் எழுதித் தருகின்றார். உண்பதா, விடுப்பதா? இவ்வினாவை எவ்வாறு ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது சிலர்க்கே உரிய வினாவென்று ஒதுக்குதற்கில்லை. நம் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றின்படி, 2021-ஆம் ஆண்டளவில் இந்தியாவில் நீரிழிவுடையார் தொகை ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம். நம்மில் எவர் இல்லத்திலும் இவ்வினா எழக்கூடும்.

முதற்கண், நீரிழிவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை அறிதல் வேண்டும். குருதியில் மிக்கு நிற்கும் சர்க்கரை நாளடைவில் குருதிக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றது. கெட்ட சுவரினுள் ‘எல்.டி.எல்.’ எனப்படும் கொழுப்புத் துகள்கள் எளிதிற் புகுந்து படிகின்றன. அப்படிவு ஒருநாள் வெடிக்குமாயின், அவ்விடத்தே குருதி உறைந்து குழாயை அடைத்துவிடும். அடைப்பு இருதயத்திலாயின் மாரடைப்பு, மூளையிலாயின் பக்கவாதம். நீரிழிவுடையாரின் மரணத்துக்குத் தலையாய காரணம் இவ்விருவகைக் கேடுகளேயாம்.

‘என் கொலஸ்டிரால் மிகையன்றே, எனக்கு ஏன் இம்மருந்து?’ என்று வினவுவார் உளர். நீரிழிவுடையாரிடத்து எல்.டி.எல். அளவு மிகாத பொழுதும், அதன் துகள்கள் சிறுத்துச் செறிந்து, சுவரினுட் புகுதற்கு ஏற்றனவாய் அமைதல் உண்டு. ஆதலின் வைத்தியர் கொலஸ்டிரால் ஒன்றையே நோக்காது, வயது, குருதியழுத்தம், புகைப்பழக்கம், சிறுநீரகத்தின் நிலை, நீரிழிவு தோன்றிய காலம் ஆகிய யாவற்றையும் கூட்டியே அபாயத்தை அளக்கின்றனர்.

இனி, மருந்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜப்பான் தேசத்து அறிஞர் அகிரா எண்டோ என்பார் 6000-க்கு மேற்பட்ட பூஞ்சணம் முதலிய நுண்ணுயிர்களை ஆராய்ந்து, 1973-ஆம் ஆண்டில் முதல் ஸ்டாட்டினைக் கண்டறிந்தார். அதனை அளித்தது கியோத்தோ நகரத்து அரிசியிற் படர்ந்திருந்த ஒரு பூஞ்சணம். பிறிதொரு ஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கல்லீரல் கொலஸ்டிராலை ஆக்குதற்கு இன்றியமையாத நொதியொன்றை இம்மருந்துகள் தடுக்கின்றன. ஆக்கம் குறையவே, கல்லீரல் தன் தேவைக்காகக் குருதியிலிருந்து எல்.டி.எல். துகள்களை மிகுதியாக ஈர்த்துக்கொள்கின்றது. குருதியில் அத்துகள்கள் குறைகின்றன.

இம்மருந்து மாரடைப்பு வந்தார்க்குப் பயன்படும் என்பது 1994-இல் வெளிவந்த பேராராய்ச்சியொன்றால் நிலைபெற்றது. அத்தகையார் திறத்தில் இன்று வாதமில்லை. நம் வினாவோ, மாரடைப்பு வாராத நீரிழிவுடையாரைப் பற்றியது. இதற்கு நேர்விடை தருவது ‘கார்ட்ஸ்’ என்னும் ஆராய்ச்சி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த இதன் முடிவு 2004-இல் வெளியாயிற்று. 40 முதல் 75 வயதுக்குட்பட்ட, இரண்டாம் வகை நீரிழிவுடைய 2838 பேர் இதிற் பங்குகொண்டனர். அவர்க்கு இருதய நோய் முன்னர் வந்ததில்லை, எல்.டி.எல். அளவும் 160-ஐ மிகவில்லை. ஆயின் உயர்ந்த குருதியழுத்தம், புகைப்பழக்கம், கண் அல்லது சிறுநீரகக் கேடு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. ஒரு பாலார்க்கு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டினும், மறுபாலார்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. பயன் தெளிவாகத் தெரிந்தமையால், குறித்த காலத்துக்கு ஏறத்தாழ ஈராண்டு முன்னரே சோதனை நிறுத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் ஸ்டாட்டின் உண்டாரிடத்து 37 விழுக்காடு குறைந்திருந்தன.

இவ்விடத்தே நாம் சற்று நிற்றல் வேண்டும். 37 விழுக்காடு என்று கேட்டவுடன், மருந்துண்ட நூற்றுவருள் 37 பேர் காக்கப்பட்டனர் என்று கொள்வார் பலர். அது பிழை. ஏறத்தாழ நான்காண்டில், போலி மாத்திரை உண்ட நூற்றுவருள் 9 பேர்க்குப் பெருங்கேடு நேர்ந்தது. மருந்துண்ட நூற்றுவருள் ஏறத்தாழ 6 பேர்க்கு நேர்ந்தது. எனவே நூற்றுவருள் மும்மூவரே மருந்தாற் காக்கப்பட்டனர். மருந்தின்றியும் 91 பேர்க்கு அக்காலத்தில் ஒன்றும் நேர்ந்திராது. மருந்துண்டும் 6 பேர் தப்பவில்லை. ஒருவரைக் காக்க ஏறத்தாழ 31 பேர் நான்காண்டு மருந்துண்ணல் வேண்டும். அவ்வொருவர் யாவர் என்பதை முன்னரே அறிதற்கு வழியில்லை.

இக்கணக்கைக் கண்டு, ‘இவ்வளவு தானா?’ என்று இகழ்தலும் பொருந்தாது. அபாயம் நான்காண்டோடு முடிவதன்று. பத்தாண்டு, இருபதாண்டெனக் காலம் நீளுந்தோறும் வளர்வது. அதனோடு பயனும் வளரும். இருவகை நீரிழிவும் உடைய 18,686 பேரைப் பற்றிய 14 சோதனைகளை ஒருங்குசேர்த்து 2008-இல் ஆராய்ந்தபோதும், எல்.டி.எல். குறைந்த அளவுக்கேற்பக் கேடுகள் குறைந்தமை புலனாயிற்று. மேலும், ஒருவரது தொடக்க அபாயம் எத்துணை மிகுதியோ அத்துணை மிகுதியாம் அவர் பெறும் பயன். நீண்டநாள் நீரிழிவும் சிறுநீரகக் கேடும் உடைய அறுபது வயதினரும், அண்மையில் நோய் கண்ட முப்பது வயதினரும் ஒரே மாத்திரையால் ஒரே பயன் பெறார்.

தராசின் மறுதட்டையும் நோக்குவோம். ஸ்டாட்டினால் தசைநோவு வரும் என்னும் அச்சம் எங்கும் பரவியுள்ளது. இதனை ஆராய, பக்கவிளைவு கருதி ஸ்டாட்டினை விட்டொழித்த 60 பேரைக் கொண்டு இலண்டன் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். முடிவு 2020-இல் வெளிவந்தது. அவர்கள் சில திங்கள் ஸ்டாட்டினும், சில திங்கள் போலி மாத்திரையும் உண்டனர். சில திங்கள் ஒன்றும் உண்டிலர். ஸ்டாட்டின் உண்ட காலத்துத் தோன்றிய தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, போலி மாத்திரை உண்ட காலத்தும் தோன்றிற்று. நோவு பொய்யன்று, அதன் காரணம் பெரும்பாலும் மருந்தன்று என்பதே இதனாற் பெறப்படுவது. முடிவை அறிந்தபின் அவருட் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டினை உண்ணத் தொடங்கினர்.

எனினும் தீங்கே இல்லையென்று கூறுதல் உண்மையாகாது. தசை அழிந்து சிறுநீரகத்தைத் தாக்கும் கொடிய விளைவு மிக அரிதாயினும் உண்டு. அவ்விளைவு மிகுதியாகக் காணப்பட்ட செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து 2001-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. கடுந்தசைநோவும் சிறுநீர் கருத்த நிறமும் கண்டால், வைத்தியரிடம் உடனே செல்லல் வேண்டும். ஸ்டாட்டின் சர்க்கரையைச் சிறிதளவு உயர்த்துதலும் உண்டு. நீரிழிவுடையார் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆயின் அவ்வுயர்வால் விளையும் தீமையினும் இருதயத்துக்கு வரும் நன்மை பெரிதென்பதே ஆராய்ந்தோர் முடிபு. கருவுற விழையும் பெண்டிர் இம்மருந்தைப் பற்றி முன்னரே வைத்தியரோடு கலந்து பேசுதல் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் கருதியே, நீரிழிவுடையார் 40 முதல் 75 வயதினராயின், இருதய நோய் இல்லாதபோதும் நடுத்தர வலிமையுள்ள ஸ்டாட்டின் உண்ணலாம் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கின்றது. நாற்பதுக்குட்பட்டார்க்கு வேறு அபாயங்களும் இருப்பின் ஆராய்ந்து தருக என்கின்றது.

பரிந்துரை வேறு, முடிவு வேறு. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நாற்கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்பன அவை. அவ்வரிசையில் நோயுற்றவன் முன்னிற்றல் கருதத்தக்கது. மாத்திரையை நாடோறும் உண்ண வேண்டுபவன் அவனே. பயனும் தீங்கும் அவனுடையனவே. ஆதலின் அவன் வைத்தியரிடம் சில வினாக்கள் வினவுதல் முறை. அடுத்த பத்தாண்டில் எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய அபாயம் நூற்றுக்கு எத்தனை? மருந்துண்டால் அது எத்தனையாகும்? நான் உண்ணும் பிற மருந்துகளோடு இது பொருந்துமா? இரண்டு மூன்று திங்கள் கழித்துக் குருதிச் சோதனை செய்து பயனை அறியலாமா? கோபுரம் கட்டத் தொடங்குமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடுவோனைப் பற்றி நம் ஆண்டவர் லூக்காவின் சுவிசேஷத்திற் கூறிய உவமை இங்கும் பொருந்தும். கணக்கிட்டுத் தொடங்கியவனே பாதியில் விட்டொழியான்.

அடியேன் கருத்து வருமாறு: நாற்பது கடந்த நீரிழிவுடையாரிற் பெரும்பாலார்க்குத் தராசு மருந்தின் பக்கமே தாழ்கின்றது. ஆயினும் மாத்திரை உணவொழுங்குக்கும் நடைப்பயிற்சிக்கும் புகையொழித்தலுக்கும் ஈடாகாது. அவற்றோடு சேர்ந்தே பயன்தரும். கணக்கை அறிந்தபின் ஒருவர் வேண்டாவென்று முடிவு செய்வாராயின், அதனையும் வைத்தியரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். அயலார் சொற்கேட்டு எவர்க்கும் கூறாமல் மாத்திரையை நிறுத்திவிடுதலே அஞ்சத்தக்கது. ஏனெனில், தன்னை மருந்து காக்கின்றதென்றே வைத்தியர் நம்பியிருப்பார்.

நாற்கூறுள் இறுதியில் நிற்கும் உடனிருப்போர், கல்வி பயிலும் நாமே. வைத்தியர் எழுதிய சீட்டையும் சோதனைத் தாளையும் பெற்றோர்க்குப் படித்துக் கூறவும், ‘நூற்றுக்கு எத்தனை?’ என்று அவர் பொருட்டு வினவவும் நம்மால் இயலும். வரும் விடுமுறையில் இல்லம் செல்வோர் இதனைச் செய்வாராக.