சினைப்பை நீர்க்கட்டி: அறிகுறி முதல் ஸ்கேன் அறிக்கை வரை முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் அறிக்கையில் 'சிஸ்ட்' என்று கண்டதும் புற்றுநோயோ என்று கலங்கிப்போகிறவர்கள் பலர். மாதவிலக்கு நிற்காத வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சினைமுட்டைப் பை வெடிக்காமல் நின்றாலோ, வெடித்தபின் மூடி நீர் கோத்தாலோ கட்டி உண்டாகும். இவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே வற்றிவிடும்.

படி 1: குறித்து வையுங்கள்

பல கட்டிகள் எந்த அறிகுறியும் காட்டாது. பெரிதானால் அடிவயிற்றில் ஒரு பக்க வலி, கனம், உப்புசம், அடிக்கடி சிறுநீர், உறவின்போது வலி வரலாம். கடைசி மாதவிலக்குத் தேதியையும் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

படி 2: காத்திருக்கக் கூடாத வலி

திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் சினைப்பையையே இழக்க நேரிடும். மயக்கம் வந்தால் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். சுக்குக் கஷாயம், வலி மாத்திரை என்று இரவைக் கடத்தாதீர்கள். அவசரப் பிரிவில் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இப்படியே வலிக்கும் என்பதால் தயங்காமல் ஒத்துழையுங்கள்.

படி 3: ஸ்கேன்

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பதற்குக் காலியாக இருக்க வேண்டும். இரண்டாவதில் தெளிவு அதிகம். திருமணமாகாதவர்களுக்கு வழக்கமாக முதல் முறையே. மறு ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் எடுப்பது நல்லது.

படி 4: அறிக்கையைப் படியுங்கள்

மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர், 5 செ.மீ.க்குள் அளவு என்றால் பொதுவாகக் கவலை வேண்டாம். 7 செ.மீ.யைத் தாண்டினால் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவைசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். உள்ளே திடப்பகுதி, பல தடுப்புகள், வயிற்றில் நீர் என்று எழுதியிருந்தால், அளவு சிறிதானாலும் நிபுணரைப் பாருங்கள். பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி', கருப்பை உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸின் அடையாளம்; தானாக வற்றுவது அரிது. பிசிஓஎஸ் இவற்றில் சேராது. அது ஹார்மோன் கோளாறு; அதில் தெரிபவை வளராமல் நின்ற சிறு முட்டைப் பைகள்.

படி 5: ரத்தப் பரிசோதனை

புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சிஏ 125 என்ற அளவு எண்டோமெட்ரியோசிஸ், மாதவிலக்கு, கர்ப்பம் ஆகியவற்றிலும் உயரும். இளம் பெண்கள் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது முக்கியம். 50 வயதுக்குமேல் உப்புசம் விடாமல் இருந்தாலோ, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பினாலோ வாயு என்று விட்டுவிடாமல், இந்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.