குழியில் போடாதே, பையில் போடு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. அறுப்பு முடிந்த இங்கிலாந்தின் சஃபோக் வயல்களில் அப்பாவும் நீயும் மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைகிறீர்கள் என்று படித்ததில் சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி போட்டிருக்கிறாயே, அது என்னை விடவில்லை. “வருவதெல்லாம் கேன் வளையமும் வெள்ளித்தாளும்தான். அங்கேயே போட்டு மூடிவிட்டால் என்ன தாத்தா? முன்பு இருந்தபடிதானே இருக்கும்?”

நீ கேட்கலாம். வயது அப்படி. இதையே தலை நரைத்தவர்கள் வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முன்பு இருந்தபடி இருக்காது, கண்ணு. மண்ணுக்குள் அழுந்திக் கிடந்த கம்பித் துண்டை நீ இளக்கி மேலே கொண்டுவந்துவிட்டாய். அடுத்த உழவில் அது புல்லோடு புல்லாக நிற்கும். மாடு நம்மைப் போல மென்று, துப்பி, ஆராய்ந்து தின்னும் பிராணி இல்லை. வளைத்து இழுத்து அப்படியே விழுங்கும். ஆணியோ கம்பியோ இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கி, அதன் சுவரைக் குத்தும். சில சமயம் அதைத் தாண்டி இதயத்தின் உறை வரைக்கும் போய்விடும். இதற்காகவே மாட்டின் வாய்வழியாக ஒரு காந்தத் துண்டை விழுங்க வைப்பார்கள். இரும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வயிற்றிலேயே கிடக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பது பள்ளிப் பாடம். வயலில் கிடக்கும் கேனைத் தீவனம் வெட்டும் இயந்திரம் பிளேடு பிளேடாக நறுக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

ஆகவே, தோண்டியது எதுவானாலும் பைக்குள் போகட்டும். இடுப்பில் இரண்டு பை: ஒன்று குப்பைக்கு, ஒன்று மற்றதற்கு. சந்தேகம் வந்தால் இரண்டாவது பை. எது குப்பை என்ற தீர்ப்பைக் குழிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, விரல் நிறைய சேறோடு சொல்ல முடியாது. வீட்டில், வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். உருக்குலைந்த ஈயத் துண்டு பழைய எடைக்கல்லாக இருக்கலாம். துணி மூட்டைக்குப் போட்ட முத்திரையாகவும் இருக்கலாம். ஈயத்தைத் தொட்ட கையோடு சாண்ட்விச் சாப்பிடாதே. கையுறை தொந்தரவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், இருக்கட்டும், போட்டுக்கொள். துருப்பிடித்த உருளையாக, கனமாக ஏதாவது தட்டுப்பட்டால் தொடவே தொடாதே. இரண்டாம் உலகப்போரின் வெடிக்காத குண்டுகள் அந்த ஊர் மண்ணில் இன்னும் இருக்கின்றன. இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு விலகி வா, அப்பா போலீசுக்கு போன் செய்யட்டும்.

இன்னொன்று. கேன் வளையத்துக்குச் சத்தமே வராதபடி கருவியைத் திருகி வைத்திருக்கிறேன் என்கிறாயே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலுமினிய வளையம் கொடுக்கும் அதே அளவு சமிக்ஞையைத்தான் சின்னத் தங்க மோதிரமும் கொடுக்கும். குப்பை கேட்காத காதுக்குத் தங்கமும் கேட்காது.

நிலக்காரர் அனுமதி, பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களுக்குள் கால் வைக்காமை, புல்லை மூன்று பக்கம் வெட்டிக் கதவு மாதிரித் திறந்து திரும்ப மூடுவது, இதெல்லாம் உனக்கு அத்துப்படி. அதை விட்டுவிட்டு உன் வீட்டுப் பக்கத்துக் கதைக்கு வருகிறேன்.

ஹாக்ஸன் என்ற ஊர் சஃபோக்கில்தான் இருக்கிறது. 1992 நவம்பரில் பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடிக்கொடுக்க வந்த எரிக் லாஸ் என்ற நண்பரின் கருவி கத்தியது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்கச் சங்கிலிகள், காசுகள். உன் வீடியோக்காரர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குழியைக் காலி செய்திருப்பார்கள். லாஸ் கொஞ்சம் எடுத்த பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி எடுத்தார்கள். 14,865 காசுகள், அது போக வெள்ளிப் பாத்திரங்களும் நகைகளுமாக ஏறக்குறைய 200 பொருள்கள்.

இந்த எண்ணிக்கையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியம் அந்தப் பெட்டி. மரம் மக்கிப் போயிருந்தது. ஆனாலும் ஓக் மரப்பெட்டி என்றும், உள்ளே சின்னப் பெட்டிகள் இருந்தன என்றும், பொருள்களைத் துணியில் சுற்றி, கிண்ணங்களுக்கு நடுவே வைக்கோல் வைத்து அடுக்கியிருந்தார்கள் என்றும் தெரிந்தது. எப்படி? கீல், பூட்டு, மண்ணில் படிந்த தடம், இவற்றை வைத்துத்தான். பதறி ஓடுகிறவன் கிண்ணத்துக்குக் கிண்ணம் வைக்கோல் வைத்துக்கொண்டிருக்க மாட்டான். திரும்பி வருவோம் என்று நம்பிய ஒரு வீட்டார், பழகிய வேலைக்காரரை வைத்து நிதானமாகக் கட்டிய மூட்டை அது என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வாதத்தை நடத்தவே முடிவது லாஸ் நிறுத்தியதால்தான். துருப்பிடித்த கீலைக் குப்பை என்று வீசியிருந்தால் பெட்டியே இருந்திருக்காது.

அதில் நான்கு வெள்ளி மிளகுக் குப்பிகளும் உண்டு. ஒன்று அலங்காரம் செய்துகொண்ட ஒரு சீமாட்டியின் உருவம். அடியில் ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் திருப்பினால் மிளகு நிரப்பலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம், மற்றொரு நிலையில் மூடிக்கொள்ளும். காசுகளை வைத்துப் பார்த்தால் பெட்டியைப் புதைத்தது கி.பி. 407க்குப் பிறகு. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப் போவதற்குக் கேட்ட கப்பத்தில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. அந்த மிளகெல்லாம் நம் மேற்குக் கடற்கரைப் பக்கத்துச் சரக்கு. யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் ரோமானிய எழுத்தாளர் பிளினியையும் இழுப்பேன்: உறைப்பைத் தவிர ஒன்றுமில்லாத இந்த மிளகைப் போய் ஏன் வாங்குகிறார்கள் என்று அலுத்துக்கொண்ட மனிதர் அவர். சரி, நான் எங்கேயோ போய்விட்டேன்.

தொலைந்த சுத்தியல் கிடைத்ததா என்று கேட்பாய். கிடைத்தது. பிரிட்டிஷ் மியூசியம் அதையும் பெற்று வைத்துக்கொண்டது.

அங்கே இப்போதுள்ள 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவற்றை உங்கள் பகுதித் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் காட்டினால் பதிந்துகொள்வார். ஹெரஃபோர்ட்ஷயரில் 2015இல் இரண்டு பேர் ஒரு வைக்கிங் காலப் புதையலை மறைத்துச் சில்லறையாக விற்றார்கள். 2019இல் சிறை. காசுகளில் பெரும்பகுதி போன இடம் தெரியவில்லை. ஆல்ஃபிரட் மன்னரும் மெர்சியாவின் இரண்டாம் கியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததற்குச் சான்று சொல்லும் காசுகள் அவை.

நம் ஊர்க் கதையும் ரொம்ப வேறில்லை. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்துச் சேரர் காசுகளையும் ரோமானியக் காசுகளையும் எடுத்து வியாபாரிகளிடம் கொடுத்தார்கள். மாக்கோதை என்ற பெயர் பொறித்த வெள்ளிக் காசு அப்படித்தான் வெளியே வந்தது. காசு இருக்கிறது, எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. காலம் பற்றி இன்றும் அடித்துக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய போட்டோவில் இருக்கும் பச்சை வில்லையைக் கழுவாதே, பல் துலக்கும் பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுபோகாதே. காய்ந்த மண்ணோடு தனிக் கவரில் போட்டு, எடுத்த இடத்தின் வரைபடக் கட்ட எண்ணை மேலே எழுதி, அலுவலரிடம் கொடு. குப்பைப் பையை நிலக்காரர் முன்னால் கொட்டிக் காட்டிவிட்டு எடுத்துப் போ. அடுத்த வருஷமும் வரப்பில் நிற்க விடுவார். பிறகு பேட்டரி தனி, ஈயம் தனி, அலுமினியம் தனியாகப் பிரித்து அந்தந்தத் தொட்டியில் போடு.

கோடை விடுமுறைக்கு இங்கே வரும்போது கருவியைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இங்கே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணிலிருந்து கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நம் கொல்லையில் நீ எதையாவது தோண்டி எடுத்தால், தாலுகா ஆபீசுக்கு அலைய எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கரூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
சின்னத் தாத்தா