பாட்டி என்ன சொன்னார்?

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பெலும்பு முறிந்த 74 வயதுப் பாட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய கேஸ் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். முதுகில் ஸ்பைனல் மயக்க ஊசி போட்ட விதம், அதன் மருந்தளவு, ரத்த அழுத்தத்தைக் கவனித்த முறை எதிலும் எனக்கு மறுபேச்சில்லை. ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. “மிடசோலம் 2 மி.கி. கொடுக்கப்பட்டது, நோயாளி அமைதியாகத் தூங்கினார், சாச்சுரேஷன் 99.”

முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும்போது, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு என்று பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டிய அந்த 99-ஐ எப்படி நம்பினீர்கள்? மூச்சு பாதியாகக் குறைந்தாலும் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்வரை அந்த எண் அசையாமல் நிற்கும். அது இறங்கும்போது நாம் சில நிமிடங்களைத் தொலைத்திருப்போம். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும். மூச்சு நின்றால் கோடு அப்போதே தட்டையாகிவிடும். உங்கள் தியேட்டரில் அந்தக் கருவி இருக்கிறது. முழு மயக்கத்துக்கு மட்டும்தான் என்று மூலையில் கிடந்ததை நானே பார்த்தேன். அதன் மெல்லிய குழாயை மாஸ்க்குக்குள் விட்டு ஒட்ட ஒரு நிமிடம் ஆகுமா?

அந்த 2 மி.கி. தூக்க மருந்தையும் ஒரேயடியாகத் தள்ளியிருக்கிறீர்கள். ஸ்பைனலே ஆளை அசத்தும். கீழுடம்பிலிருந்து மூளைக்குப் போகும் சேதி நின்றதுமே விழிப்பு தளர ஆரம்பிக்கும். அந்த வயதுக்கு அரை மில்லிகிராம் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

என்னிடம் படித்த எல்லோருக்கும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1988-ல் அமெரிக்காவில் கேப்லன் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் முடிந்துபோன நஷ்டஈட்டு வழக்குகளின் கோப்புகளைப் புரட்டினார்கள். ஆரோக்கியமாக இருந்த 14 பேருக்கு ஸ்பைனலின்போது திடீரென்று இதயம் நின்றிருந்தது. 6 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். மிச்சம் 8 பேரில் ஒருவர்தான் தன் காரியத்தைத் தானே பார்க்கும் அளவுக்குத் தேறினார். அந்தக் கோப்புகளில் அவர்கள் கண்ட முதல் விஷயம், நோயாளி சுகமாகத் தூங்குவதுபோல் தெரியும், தானாக ஒரு வார்த்தை பேசாத அளவுக்குப் போன செடேஷன். உங்கள் “அமைதியாக” என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த 14 பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நான் படித்த காலத்தில் எங்கள் தியேட்டரில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிடையாது. ஒரு கை தாடைக்கடியில், இன்னொரு புறங்கை மூக்கருகே. ஒருநாள் ஹெர்னியாவுக்கு வந்த விவசாயி, கரும்பு வெட்ட உத்தரவு கொடுக்காமல் ஆலை இழுத்தடிப்பதைச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தார். “தூங்க வைப்பா” என்றார் சர்ஜன். டயசிபாம் இன்னொரு 5 மி.கி. கொடுத்தேன். பேச்சு நின்றது. நிம்மதியாகச் சார்ட் எழுத உட்கார்ந்தேன். “ரத்தம் என்னப்பா கறுப்பா வருது?” என்று சர்ஜன் கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். அவர் கையிலிருந்த காஸ் துணி நாவல்பழச் சாறு பட்டதுபோல் இருந்தது. என் சீஃப் ஓடிவந்து தாடையைத் தூக்கி, பையை அழுத்தி மூச்சு கொடுத்தார். விவசாயி பிழைத்தார். அன்றிலிருந்து பேசும் நோயாளியை நான் பேச விட்டுவிடுகிறேன், சர்ஜன் எவ்வளவு கோபப்பட்டாலும்.

தம்பி, பாட்டியின் காது மிஷினைக் கழற்ற வந்த நர்ஸைத் தடுத்து, “அது இருக்கட்டும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத காரியம் அது. எந்தப் பாடப் புத்தகத்தைப் படித்தும் இந்த மனசு வராது. அவ்வளவு அருமையாகக் காதைத் திறந்து வைத்துவிட்டு வாயை ஏன் அடைத்தீர்கள்? பாட்டி அசைந்தபோது மருந்தை எடுப்பதற்கு முன் என்னவென்று கேட்டிருக்கலாம். ஒருக்களித்துப் படுத்தவருக்குக் கீழே மாட்டிய தோள் வலித்திருக்கும். இல்லையென்றால் குளிரெடுத்திருக்கும்.

ரிப்போர்ட்டைத் திருத்தும்போது “அமைதியாகத் தூங்கினார்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். மருந்து கொடுத்த நேரத்தையும், அதன்பிறகு ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் பாட்டி என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்றே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் தியேட்டருக்கு வருகிறேன். மூலையில் கிடக்கும் அந்தக் கருவியைத் துடைத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்